தனவேல் மந்திரியைக் கேட்ட கேள்வி

தனவேல் இறந்துபோன செய்தி காலை ஏழேகாலுக்கு வந்தது. கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். போனில் அவர் மனைவி அஞ்சலை. பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. அவள் குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "யக்கா, அவரு போயிட்டாருக்கா. நைட் ஷிப்டு முடிச்சி வந்தாரு, சைக்கிள நிறுத்துனாரு, தண்ணி குடுன்னாரு. சொம்புல மொண்டுகினு வரேன், வாசல்ல சாஞ்சி கெடக்கறாரு" என்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு அவர் வீடு இருக்கும் வடக்குத்து வரைக்கும் நடந்தே போனேன். ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவரோடு சுரங்கத்தில் பெல்ட்டுக்குக் கீழே வேலை செய்த நண்பர்கள் இந்த நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்று கேட்டார்கள். உங்களுக்கெல்லாம் அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனவேல் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் நிலக்கரியை வாரி மறுபடி மேலே போடுகிற வேலை. இருபது வருஷத்துக்கும் மேலாக அதே வேலை. கான்ட்ராக்டர்தான் மாறிக்கொண்டே இருந்தார். அது ஷிப்டு நேரத்து வேலை. மிச்ச நேரத்தில் அவர் பாராளுமன்றத்துக்குக் கேள்வி எழுதினார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. முதலில் சிரித்தவள் நான்தான்.

சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் கடைத்தெருவில் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து கொடுக்கிறவள் நான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் தனவேல் கையில் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். யாரோ அனுப்பிய படம். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் திட்டம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு செலவு, எத்தனை பேருக்கு என்று யாரோ ஒரு எம்.பி. கேட்டிருந்தார். மந்திரி எழுத்தில் பதில் கொடுத்திருந்தார். முதல் பகுதிக்கு இல்லை என்று ஒரு சொல். மற்ற பகுதிகளுக்குச் சேர்த்து, கேள்வி எழவில்லை என்று ஒரு வரி. "இதுக்கு என்னாங்க அர்த்தம்?" என்றார். முதல் கேள்விக்கே இல்லை என்று சொல்லிவிட்டால் மற்றதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று விளக்கினேன். அந்த வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப இல்லன்னு சொல்ல முடியாத மாதிரி மொதக் கேள்விய கேட்டிருக்கணும். அப்படித்தானங்க?"

முப்பது வருஷமாக மனு அடிக்கிறேன். கலெக்டருக்கு, தாசில்தாருக்கு, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு என்று எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். இல்லை என்ற பதிலைப் பார்த்துத் திட்டினவர்களைத் தெரியும், அழுதவர்களைத் தெரியும். கேட்ட விதத்தில் என்ன தப்பு என்று யோசித்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என்னை விடவில்லை. கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வருவார். வேலைக்கான சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். வியர்வையில் பாதி அழிந்திருக்கும். நான் ஆங்கிலத்தில் அடித்து எங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் கேள்வியை நான் என் மனு பாணியில் அலங்கரித்தேன். வறுமையில் வாடும் ஏழைத் தொழிலாளர்களின் கண்ணீரைத் துடைக்க அரசு முன்வருமா என்று முடித்திருந்தேன். அதைத் தமிழில் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். "நல்லா இருக்குதுங்க. ஆனா வேணாம்" என்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"கேள்விக்குள்ள அழுவக்கூடாதும்மா. அழுதா பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எத்தினி, எப்ப, எங்கன்னு கேட்டாதான் ஒக்காந்து பதில் எழுதணும்."

எம்.பி. அலுவலகத்து உதவியாளர் ஒருவர் எங்களுக்கு விதிகளின் நகலைக் கொடுத்தார். இத்தனை சொற்களுக்கு மேல் போகக்கூடாது, குற்றம் சாட்டக்கூடாது, கிண்டல் கூடாது, சொல்கிற விவரத்துக்குக் கேட்கிறவரே பொறுப்பு, ஏற்கெனவே பதில் சொன்னதைத் திருப்பிக் கேட்கக்கூடாது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லத் தனவேல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் சரியாக எழுதினாலும் குலுக்கலில் விழவேண்டும். அதுவும் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்கிற நட்சத்திரக் கேள்விக்கு ஒரு நாளைக்கு இருபது இடம்தான். பட்டியல் வெளியாகிற அன்று கடைக்கு வருவார். "விழுந்துதாங்க?" என்பார். இல்லை என்பேன். "சரி, டீ சொல்லட்டுமா?" என்பார். அவ்வளவுதான் அவருடைய துக்கம். டீ குடித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி பையிலிருந்து வந்துவிடும்.

அவருடைய எல்லாக் கேள்விகளுக்கும் பின்னால் ஒரே ஒரு காரியம் இருந்தது. வடக்குத்தில் ஒரு தொழிலாளர் காப்பீட்டு மருந்தகம். டவுன்ஷிப்புக்குள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது நிரந்தரத் தொழிலாளிகளுக்கான ஏற்பாடு. கான்ட்ராக்ட் தொழிலாளியின் கையில் இருப்பது காப்பீட்டு அட்டை. அந்த அட்டையைக் காட்டி மருந்து வாங்க இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போகவேண்டும். அஞ்சலைக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தரம் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், வரிசையில் நின்று, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். நடுவில் மயக்கம் வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்ட நாட்களும் உண்டு. இப்படிப் போகிற பெண்கள் வடக்குத்தில் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் நடுவில் நிறுத்திவிட்டு, கடையில் சொல்லி ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்லவேண்டும். மலரில் அச்சாகப் போகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மருந்தகம் பற்றிய முதல் கேள்வியைத் தனவேல் மிகச் சரியாக எழுதிக் கொடுத்தார். வடக்குத்தில் காப்பீட்டு மருந்தகம் எப்போது திறக்கப்படும், அதற்கான செலவு எந்த ஆண்டில் ஒதுக்கப்படும் என்று இருந்தது. நான் அடிக்கும்போது வடக்குத்தை எடுத்துவிட்டு நெய்வேலி என்று போட்டேன். டில்லியில் வடக்குத்தை யாருக்குத் தெரியும்? நெய்வேலி என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் உள்ள பழக்கம். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே குடியிருப்பவர்கள் எல்லோரும் வெளியூரில் போய் நெய்வேலி என்றுதான் சொல்வோம். கல்யாணப் பத்திரிகையில் நெய்வேலி, வேலை விண்ணப்பத்தில் நெய்வேலி. நானும் அப்படித்தான். அப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளிலிருந்து நாங்கள் குடியிருப்பது வடக்குத்தில். என் கடிதங்களில் மட்டும் இன்றைக்கும் நெய்வேலி.

அந்தக் கேள்வி குலுக்கலில் விழுந்தது. எழுத்தில் பதில் வந்தது. நெய்வேலியில் மருத்துவ வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஆகையால் புதிய யோசனை எதுவும் இல்லை என்று மந்திரி சொல்லிவிட்டார். மந்திரி பொய் சொல்லவில்லை. கேட்ட ஊருக்குப் பதில் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் எங்கே மனு அனுப்பினாலும் அந்தப் பதிலின் நகலை இணைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவையில் பதில் சொல்லியாகிவிட்டதால் அதையே திருப்பிக் கேட்கவும் வழியில்லை. ஒரே சொல்லால் நான் கதவைச் சாத்திவிட்டேன்.

அவரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுகூட இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் அவரே வந்து பதிலைக் கேட்டார். சொன்னேன். நான் ஊரை மாற்றியதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் திருப்பிப் பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க மட்டுமா மாத்துனீங்க? நம்ம ஆளுங்க கார்டுல எல்லாம் பாருங்க. ஒருத்தன் கார்டுலயாவது வடக்குத்துன்னு இருக்குதா? எல்லாவனும் நெய்வேலின்னுதான் போட்டுக்கினு இருக்கான். மந்திரி கணக்குல வடக்குத்துல நம்ம ஆளே இல்ல. அப்பறம் எதுக்கு மருந்தகம் குடுப்பாரு?"

அவர் சொன்னதுதான் விதி. ஓர் ஊரைச் சுற்றிக் குறிப்பிட்ட அளவு காப்பீட்டுத் தொழிலாளர்கள் குடியிருந்தால்தான் மருந்தகம் கேட்க முடியும். அட்டையில் இருக்கிற முகவரிதான் அதற்குச் சாட்சி. பாதிப் பேருக்கு நெய்வேலி, மீதிப் பேருக்குக் கான்ட்ராக்டரின் ஆபீஸ் முகவரி. தப்பு கேள்வியில் மட்டும் இல்லை, எங்கள் எல்லோருடைய வீட்டு வாசலிலும் இருந்தது. அன்றைக்கே தனவேல் முடிவு செய்துவிட்டார். முதலில் முகவரியை மாற்றுவது, பிறகு புதிய விவரத்தோடு புதிய கேள்வி கேட்பது.

அதன் பிறகு இரண்டு வருஷம் அவர் ஓய்வு நாள் என்று வீட்டில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தெருத் தெருவாகப் போவார். காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வரச்சொல்வார். முகவரி மாற்றத்தை நான் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுப்பேன். இது என் தப்புக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை. லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு ஊர்ப் பெயரை விட்டுக்கொடுக்க ஆட்கள் என்ன பாடு படுத்தினார்கள்!

அவரோடு அதே பெல்ட்டில் வேலை செய்யும் வீராசாமியின் வீட்டுக்கு நானும் ஒரு தரம் கூடப் போனேன். வீராசாமி அட்டையை எடுத்துக் காட்டவே மறுத்தார்.

"யோவ் தனவேலு, எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கேன். அப்பாரு நெய்வேலியில வேலன்னு சொல்லி வச்சிருக்கேன். குறிஞ்சிப்பாடிக்காரன் வந்து பாக்கும்போது அட்டையில வடக்குத்துன்னு இருந்தா என்னாய்யா மதிப்பான்?"

"மாப்ள வூட்டுக்காரன் ஒன் காப்பீட்டு அட்டையவா கேக்கப் போறான்?"

"கேட்டா?"

"கேட்டா, அந்த மாப்ள வேணாம். பொண்ணு பாக்க வந்தவன் நோய்க்குப் போற அட்டைய எதுக்குய்யா பாக்கறான்?"

வீராசாமியின் மனைவி உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் அட்டையைக் கொடுக்கவில்லை. தனவேல் பதினோரு தரம் அந்த வீட்டுப் படி ஏறினார். கல்யாணம் முடிந்த மறுவாரம் வீராசாமி தானாகவே அட்டையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

இன்னொரு தரம் ஒரு நண்பர், மருந்து கிடைக்காமல் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்று கேள்வியில் சேர்க்கச் சொன்னார். அப்போதுதான் சூடு பிடிக்கும் என்றார். தனவேல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப்போய்ப் பேசினார். நான் கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன். "எந்த நூறு பேருண்ணே? பேரச் சொல்லு. சொல்ல முடியாதில்ல? மந்திரிக்கு ஒரு பொய்யிருந்தாப் போதும், அத மட்டும் புடிச்சிக்குவாரு. நம்மகிட்ட இருக்கற உண்மையெல்லாம் வூட்டுக்குப் போயிடும்" என்றார். மந்திரிமேல் அவருக்கு வெறுப்பு இருந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் யாராவது திட்டினால், "அவருக்கு நம்ம மேல என்னா கோவம்? நம்மளத் தெரியாது, அவ்ளோதான். தெரியவைக்கறது நம்ம வேல" என்பார்.

இந்த வருஷம் முகவரி மாறியவர்களின் எண்ணிக்கை போதுமான அளவுக்கு வந்தது. புதிய கேள்வியை அவரே சொல்ல நான் அடித்தேன். வடக்குத்து ஊராட்சியில் வசிக்கும் காப்பீட்டுத் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மிக அருகில் இருக்கிற காப்பீட்டு மருந்தகம் எவ்வளவு தூரத்தில், விதிப்படி அங்கே மருந்தகம் அமைக்க எடுத்த நடவடிக்கை என்ன. அடித்து முடித்ததும் வடக்குத்து என்ற சொல்லை எழுத்துக்கூட்டி ஒரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் என் தப்பைக் குத்திக்காட்டியது அந்த ஒரு தரம்தான், அதுவும் சிரிப்போடு.

கேள்வி விழுந்தது. தகவல் திரட்டப்படுகிறது, கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது, விவரம் அவையில் வைக்கப்படும் என்று பதில் வந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கத்தினேன். தனவேல் துள்ளிக் குதிக்காத குறைதான். விதிப் புத்தகத்தை என்னைவிட அவர்தான் ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தார். மந்திரி அவையில் அப்படிச் சொன்னால் அது வாக்குறுதி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு குழு இருக்கிறது. "இல்லன்னு சொல்லலீங்க! இந்தத் தடவ இல்லன்னு சொல்ல முடியல பாத்தீங்களா?" என்று கடைத்தெரு கேட்கும்படி சொன்னார். அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர்தான் வாங்கினார்.

மூன்று மாதம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

காரியத்துக்கு முன்பு எம்.பி. அலுவலகத்து உதவியாளர் கடைக்கு வந்து பேசினார். அவருக்கும் தனவேல்மேல் பிரியம் உண்டு. கெடு முடிகிறது, வருகிற கூட்டத்தொடரில் நட்சத்திரக் கேள்வியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு வரி சேர்த்துடலாமாம்மா? அருகில் மருந்தகம் இல்லாததால் இதற்காகப் போராடிய தொழிலாளியே இறந்துவிட்டார்னு. அவையே ஒரு நிமிஷம் அமைதியாயிடும்" என்றார். பக்கத்தில் நின்ற வீராசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்கக்கா. அந்த மனுசன் பேரு டில்லியில கேக்கட்டும்" என்றார்.

அந்த வரியை அடித்தேன். ஒளிக்கவில்லை, ஆசையாகத்தான் அடித்தேன். அவருடைய பெயரை அந்த அவையில் ஒருவர் உரக்கச் சொல்லவேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் அவர் இறந்த அன்று காலை வந்து பார்த்த டாக்டர் சொன்னதை நானும் நின்று கேட்டேன். இதயம் ஒரேயடியாக நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரியே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அடித்த தாளை எடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் போனேன். படித்துக்காட்டினேன். டாக்டர் சொன்னதையும் நினைவுபடுத்தினேன்.

"பொய்ய எழுதறதுக்கா அவரு இத்தினி வருஷம் அலைஞ்சிக்கினு இருந்தாரு? எடுத்துடுக்கா. அவரு செத்தத எதுக்குக் கேக்கற? நான் உசுரோட இருக்கேன் இல்ல, மாத்திரைக்கு ரெண்டு பஸ்ஸு ஏறிக்கினு இருக்கேன். அதக் கேளு."

எடுத்துவிட்டேன். வீராசாமிக்கு வருத்தம்தான், இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் வருத்தமாக இருக்கலாம். அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் யோசித்தால் ஒத்துக்கொள்வீர்கள். மந்திரி சொன்ன வாக்கின் நிலை என்ன, மருந்தகத்துக்கு எந்த ஆண்டில் பணம் ஒதுக்கப்படும், கதவு திறக்கும் நாள் எது என்று கேட்டு நேற்று அனுப்பினேன். உண்மையில்லாத ஒரு சொல்லும் அதில் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றுதான், கேட்கவேண்டியதை நேராகக் கேட்கிற பழக்கம். பெரிய சொத்து அது. எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது.

குலுக்கலில் விழலாம், விழாமலும் போகலாம். விழாவிட்டால் அதற்கடுத்த கூட்டத்தொடர் இருக்கிறது. அஞ்சலை வருகிற திங்கட்கிழமை மாத்திரைக்குப் போகிறாள். அவள் அந்தப் பஸ்ஸில் ஏறவேண்டியிருக்கிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.